கூஹூலினுக்குப் பூஜ்யம்

மதிப்பிற்குரிய ஆங்கிலப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். விடைத்தாள் திருத்தும் முகாமில் நடந்தது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். ஐரிஷ் கவிஞர் யேட்ஸ் எழுதிய நாடகத்தை ஒட்டி, ‘கூஹூலின் யார்?’ என்று இரண்டு மதிப்பெண் கேள்வி. விடைக்குறிப்பில் இருந்த பதில்: ‘இங்கிலாந்துப் பழங்கதை வீரன்’.

ஒரு மாணவி வேறு மாதிரி எழுதியிருந்தாள். அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரின் வீரன். அடையாளம் தெரியாமல் பெற்ற மகனையே கொன்றவன். நின்றபடியே சாக வேண்டும் என்று தன்னைக் கல்தூணோடு கட்டிக்கொண்டவன். தோளில் அண்டங்காக்கை வந்து உட்காரும்வரை எதிரிகள் கிட்டே போகவில்லை. எங்கள் நூலகத்தில் இதெல்லாம் கிடையாது. எங்கோ தேடிப் படித்திருக்கிறாள். நான் 2 போட்டேன். மேற்பார்வையாளர் அதை அடித்துவிட்டு 0 போட்டார். “கீயில இருக்கறதுக்குத்தான் மார்க் சார்.”

ஐயா, அந்த நாடகம் 1904-ல் டப்ளினில் அபே தியேட்டர் திறந்த அன்றே மேடையேறியது. அதற்கு இரண்டு வருடம் முன்புதான் கிரிகோரி சீமாட்டி கூஹூலின் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்திருந்தார். கூஹூலினின் வீரத்தைச் சொல்லும் பழைய ஐரிஷ் காவியமான ‘டாயின்’-இல், ராணி மேவும் அவள் கணவனும் படுக்கையில் யார் சொத்து அதிகம் என்று சண்டை போடுகிறார்கள். அவனிடம் ஒரு காளை கூடுதல். அவ்வளவுதான், அதற்கு ஈடான காளையைப் பிடித்துவரப் படை கிளம்பிவிடுகிறது. ஆநிரை கவரப் போகும் வெட்சித் திணை படித்த நம் பிள்ளைகளுக்கா இது புரியாது?

காவியத்தின் ஒரு பகுதியையாவது பாடத்தில் வையுங்கள். கின்செல்லாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1969-லேயே வந்துவிட்டது.

ஐரிஷ் கவிஞர் ஹீனியையும்தான் நடத்துகிறோம். பித்துப்பிடித்துப் பறவைபோல் மரத்துக்கு மரம் தாவிய சுவீனி மன்னனின் கதையை அவர் 1983-ல் மொழிபெயர்த்தது எந்தக் கைடிலும் இல்லை. அதே சுவீனி 1939-லேயே ஐரிஷ் எழுத்தாளர் ஃப்ளான் ஓ’பிரையனின் நாவலுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டான். நமக்கோ டப்ளின்காரர் எல்லாரும் லண்டன்காரர். போன கூட்டத்தில் அயர்லாந்தின் பழைய செல்டிக் இலக்கியம் பற்றிப் பேச்சு வந்தபோது ஒருவர், “செல்டிக்னா கால்பந்து கிளப்தானே?” என்று கேட்டுச் சிரித்தாராம். பாடத்திட்டம் மாறும்போதெல்லாம் அட்டையின் நிறம் மட்டும் தவறாமல் மாறுகிறது, அதற்கு நன்றி.

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். கேட்பது இரண்டுதான். டாயினை ஓர் அலகாகச் சேருங்கள். அப்புறம், தயவுசெய்து அந்த விடைக்குறிப்பைத் திருத்துங்கள். மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்ட அந்தப் பெண்ணுக்கு இந்த வெள்ளிக்கிழமைவரைதான் நேரம்.

பணிவுடன்,
விடைத்தாள் திருத்திய ஓர் ஆசிரியர்