முதலில் சுண்ணாம்பு, கடைசியில் சென்சார்

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள சேகர்,

பெங்களூர் அல்சூரில் நீங்கள் புதுப்பிக்கப்போகும் பழைய தெருவின் படங்கள் கிடைத்தன. கமிட்டியின் வேலைப் பட்டியலில் பெயின்ட், விளக்குக் கம்பம், சென்சார் என்று கண்ணுக்குத் தெரிகிறதெல்லாம் முதலில் நிற்கிறது. வரிசையைத் தலைகீழாக்கச் சொல்.

மூன்றாவது படத்துச் சுவரைப் பார். இடுப்பு உயரம் வரை உப்புப் பூத்து, பூச்சு பூரி மாதிரி உப்பியிருக்கிறது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேலே சிமென்ட் பூசியதும் அந்த வழி அடைபட்டுப்போனது. அதன்மேல் பெயின்ட் அடிப்பது வீண் செலவு. சிமென்ட்டைக் கொத்தி எடுத்து, செங்கல் இடுக்கைச் சுரண்டி, நன்றாகக் காயவிட வேண்டும். தண்ணீர் விட்டு நீற்றி ஒரு மாதமாவது ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. ஒரு பூச்சு 12 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரு வாரம் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள்; வெயிலில் சட்டென்று காய்ந்தால் பொடியாகக் கொட்டும். "ரெண்டு கரண்டி சிமென்ட் போட்டா சீக்கிரம் இறுகும் சார்" என்பார் கொத்தனார். அங்கே மட்டும் இளகிவிடாதே.

கல் பதிக்கும் முன் தெருவின் வயிற்றைப் பார்க்க வேண்டும். குழாயும் கேபிளும் எங்கே ஓடுகின்றன என்று பழைய வரைபடத்தை நம்பாமல் கையால் சோதனைக் குழி தோண்டிப் பாருங்கள். உங்கள் ஊர் டெண்டர்ஷ்யூர் திட்டத்தில் புதுப்பித்த சாலைகளில் செய்ததுபோல் கேபிள்களை நடைபாதைக்கடியில் குழாய்க்குள் கொண்டுபோங்கள். கூடவே பின்னால் வரும் கேபிளுக்காக இரண்டு வெற்றுக் குழாய் போட்டு, அதை இழுக்க உள்ளே கயிறு விட்டு, வாயை அடைத்துவையுங்கள். திறந்து கிடந்தால் மண்ணும் எலியும் புகும், அடுத்த வருடமே புதுக் கல்லைப் பெயர்க்க வேண்டிவரும்.

வடிகாலில் நீர்மட்டம் பார்க்க வைக்கப்போகும் அல்ட்ராசோனிக் சென்சார், ஒலியை அனுப்பி எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து அளக்கும். அதற்குத் தன் முகத்திலிருந்து சுமார் 25 செ.மீ.க்குள் வரும் தண்ணீரை அளக்கத் தெரியாது. மூடிக்கு அடியில் தாழத் தொங்கவிட்டால் சரியாக வெள்ளம் வரும்போது குருடாகிவிடும். சிலந்தி வலையைத் தண்ணீர் என்று எண்ணி அலறுவது தனிக் கூத்து! மாதம் ஒருமுறை துடைக்க ஆள் இருந்தால் வாங்குங்கள்.

மூன்றாம் படத்தின் கைப்பிடிச் சுவர் விரிசலில் அரசங்கன்று ஒன்று தெரிகிறது. வெறுமனே பிடுங்கினால் வேர் தங்கி மறுபடி துளிர்க்கும். நாலு செங்கலைக் கழற்றி வேரோடு எடுத்துவிட்டு, அதே சுண்ணாம்பில் கட்டச் சொல். சுண்ணாம்பு ஊறவைக்கத் தொட்டி கிடைத்ததா என்று எழுது.

அன்புடன்,
ராஜு