விமலாவுக்கு, கிறிஸ்துமஸ் கேக் பற்றி

பாளையங்கோட்டை
டிசம்பர் 8

அன்புள்ள விமலா,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்குச் சுகர் என்று தெரிந்ததிலிருந்து வீட்டில் கேக் பேச்சையே எடுப்பதில்லை என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. முறுக்கும் முந்திரிக்கொத்தும் இல்லாமல்கூடப் பண்டிகையைக் கழித்துவிடலாம். டிசம்பரில் பட்டை, கிராம்பு வாசனை இல்லாத உன் அடுப்படியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இங்கே பலரும், சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டால் சுகர்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாம் என்கிறார்கள். நம்பாதே. கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரைதான், இரத்தத்தில் ஏறத்தான் செய்யும். மொத்த இனிப்பைக் குறைக்க வேண்டும், துண்டை மெலிதாக வெட்ட வேண்டும். எவ்வளவு சாப்பிடலாம் என்று அவருடைய டாக்டரிடமும் கேட்டுக்கொள்.

நாம் வழக்கமாக 200 கிராம் மைதாவுக்கு அதே எடைக்குச் சீனி போடுவோமே, நான் இப்போது சொல்லும் கேக்கில் 60 கிராம் உடன்குடிக் கருப்பட்டி மட்டும்தான். மீதி இனிப்பைப் பேரீச்சை தருகிறது. அதிலும் சர்க்கரை உண்டு, ஆனால் நார்ச்சத்தும் கூட வருகிறது. கொட்டை நீக்கிய பேரீச்சை 150 கிராம், கறுப்புத் திராட்சை 100 கிராம், உலர்ந்த அத்தி ஐந்தாறு, எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி ஒரு டம்ளர் ஆரஞ்சுச் சாற்றில் ராத்திரி ஊறப்போடு, ஃபிரிட்ஜில் இருக்கட்டும். டூட்டி ஃபுரூட்டி வேண்டாம். அது சர்க்கரைப் பாகில் ஊறிய பப்பாளிக்காய், சாயம் வேறு.

ரம் இல்லாமல் பிளம் கேக்கா என்று உன் தங்கை கேட்பாள். 1883-இல் கேரளத்துத் தலச்சேரியில் பேக்கரி வைத்திருந்த மம்பள்ளி பாபு, அஞ்சரக்கண்டி பட்டைத் தோட்டத்து பிரவுன் துரைக்காகக் கேக் சுட்டபோது, துரை சொன்ன பிராந்தியை விட்டுவிட்டு உள்ளூர்ச் சாராயத்தைச் சேர்த்தார் என்பார்கள். நம் பக்கத்துக் கேக்கின் கதையே கையில் கிடைத்ததை வைத்துத் தொடங்கியதுதான், அவளிடம் சொல்.

காலையில் ஊறியதில் பாதியைச் சாற்றோடு மிக்ஸியில் விழுதாக்கு. கருப்பட்டியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போகத் துணியில் வடிகட்டி ஆறவிடு. 100 கிராம் வெண்ணெயை நன்றாகக் குழைத்து, முட்டை மூன்றையும் ஒவ்வொன்றாக அடித்துச் சேர்த்து, விழுதையும் கருப்பட்டிப் பாகையும் ஊற்று. கோதுமை மாவு 150 கிராம், கேழ்வரகு மாவு 50 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு சலித்துக் கல. பட்டைப்பொடி ஒரு டீஸ்பூன், கிராம்பு நான்கு, சுக்கு அரை டீஸ்பூன், ஜாதிக்காய் துருவல் கொஞ்சம். மசாலாவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், அப்போதே அரைத்துப் போடு. இனிப்புக் குறைந்த இடத்தை வாசனைதான் நிரப்பும். மீதிப் பழத்தையும் உடைத்த முந்திரியையும் கொஞ்சம் உலர்ந்த மாவில் பிரட்டிக் கடைசியில் போட்டால் அடியில் அவ்வளவாகத் தங்காது என்பார்கள்.

கோதுமை ஈரத்தை இழுக்கும், அதனால் பத்து நிமிடம் விட்டுப் பார். கெட்டியாகத் தெரிந்தால் இரண்டு கரண்டி பால் விடு. 160 டிகிரியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். குச்சி குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். கேழ்வரகும் கருப்பட்டியும் இருப்பதால் சீனியைக் கருக்காமலே நல்ல கறுப்பு நிறம் வந்துவிடும். மறுநாள் வெட்டு, அன்றைக்குத்தான் மசாலா இறங்கியிருக்கும்.

ஒன்று, இது பழைய கேக் மாதிரி வாரக்கணக்கில் வெளியே இருக்காது. கெடாமல் காப்பாற்றச் சீனியும் ரம்மும் இல்லையே. இரண்டு மூன்று நாளுக்கு மேல் என்றால் ஃபிரிட்ஜில் வை. அதனால் 23-ஆம் தேதி போட்டால் போதும்.

இங்கே எல்லோரும் சுகம். மருமகள் புது வேலையில் சேர்ந்துவிட்டாள், சின்னவன் கேரல் ரவுண்ட்ஸுக்கு டிரம் வாசிக்கப் போகிறான். சுசிக்கு மதுரையில் பார்த்த இடம் என்ன ஆயிற்று? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே நீ. உடனே எழுது.

அன்புடன்,
ஜெயா