இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள்: பராமரிப்பு மைய நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். தங்கள் மையத்தில் மறுவாழ்வுச் சிகிச்சை பெற்றுவரும் என் தாயாரின் நிலையைத் தாங்கள் அறிவீர்கள். பக்கவாதம் மூளையின் இடப்பக்கத்தைத் தாக்கியதால் வலக்கையும் வலக்காலும் அசைவதில்லை, பேச்சும் போய்விட்டது. ஆனால் நாம் பேசுவது அவருக்குப் புரிகிறது. அப்படிப்பட்டவருக்கான அழைப்பு மணியை, கட்டிலின் வலப்பக்கக் கம்பியில் கட்டி வைத்திருந்தார்கள்.

சென்ற ஞாயிறன்று அவருக்கு டயப்பர் மாற்ற உதவியபோது, முதுகுத்தண்டின் அடியில் தோல் உரிந்து நீர் கசியும் புண்ணைப் பார்த்தேன். படுக்கைப் புண்ணில் முதலில் தோல் சிவக்கும். விரலால் அழுத்தினாலும் வெளுக்காத அந்தச் சிவப்புதான் எச்சரிக்கை. அதைக் காண்பதற்கு யாராவது அவரைத் திருப்பியிருக்க வேண்டும். திருப்பிப் படுக்கவைத்த நேரத்தைக் குறிக்கும் தலைமாட்டு அட்டையிலோ, இரவு 9 மணிக்கே, காலை 6 மணி வரையிலான எல்லாக் கட்டங்களிலும் கையொப்பம் இடப்பட்டிருந்தது.

ஏர் பெட் போட்டிருக்கிறோமே என்று பதில் வந்தது. அது அழுத்தத்தைக் குறைக்குமே தவிர, ஆளைத் திருப்பாது. இரவுப் பணியில் இருந்த பெண்ணைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒரு தளம் முழுவதற்கும் ஒருவரை நிறுத்தினால், அவர் தனியாக என்ன செய்வார்? ஒற்றை ஆள் இழுத்துப் புரட்டினால், விரிப்பில் உராய்ந்தே தோல் உரிந்துவிடும்.

மூத்த குடிமக்களைக் கைவிடுவோருக்கு மூன்று மாதம் வரை சிறை என்கிறது 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம். அது நியாயமே. ஆனால், மாதந்தோறும் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒருவரைப் படுக்கையிலேயே கைவிட்டால் அதை எங்கே போய்க் கேட்பது? வேலையையும் பிள்ளைகளையும் விட்டு வர இயலாத எத்தனையோ குடும்பங்கள், இந்த மையத்தின் அட்டையிலுள்ள கையொப்பத்தை நம்பித்தான் இரவில் உறங்குகின்றன.

ஆகவே பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்: என் தாயாரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், இருவர் சேர்ந்து திருப்பிப் படுக்க வையுங்கள். திருப்பிய பிறகே கையொப்பம் இடச் சொல்லுங்கள்; அந்த அட்டையை நாங்கள் எப்போது கேட்டாலும் காட்டுங்கள். புண்ணை மருத்துவர் நேரில் பார்த்து எழுதிய குறிப்பின் நகலையும் தாருங்கள். மணியை நானே இடப்பக்கத்துக்கு மாற்றிக் கட்டிவிட்டேன். அதை அங்கேயே இருக்க விடுங்கள்.

இவற்றுக்கான பதிலை எழுத்து வடிவில், இந்த வாரத்துக்குள் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மையத்தில் தாயை ஒப்படைத்திருக்கும் மகள்