இருமலையும் எழுதி அனுப்பிய கோலார் தங்கவயல் அண்ணாவுக்கும் உங்கள் எல்லோருக்கும்

என் வீட்டுக்காரரைப் போலவே ராக் பாட்டு ரசிகர்களான அன்புள்ள அண்ணன்மாரே, தம்பிகளே, அக்கா தங்கைகளே,

வியாழக்கிழமை மதியம் ஓசூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். இவரால் இப்போதைக்கு மாடிப்படி ஏற முடியாது என்று கீழ் வீட்டுக்காரர்கள் தங்கள் முன் அறையைக் காலி செய்து கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறோம். வலது கை இன்னும் தலையணை மேல்தான் கிடக்கிறது. இன்று காலையில் இடது கையால் டம்ளரைப் பிடித்து அவரே காபி குடித்தார். அதைப் பார்த்த கையோடு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நாளைக்கு என்று தள்ளிப்போட்டால் மனசு ஆறிவிடும். அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

நடந்ததை உங்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. இவர் பேச்சுப் போய் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த 38 நாளும் கூடவே இருந்தவர்கள் நீங்கள். ரத்தம் கொடுக்க வந்தவர்கள், ராத்திரியில் வார்டுக்கு வெளியே பெஞ்சில் படுத்துக்கிடந்தவர்கள், சாப்பாட்டு டப்பாவோடு பஸ் மாறி மாறி வந்தவர்கள், பணம் கட்டும் கவுன்டரில் எனக்குத் தெரியாமல் கட்டிவிட்டு இன்று வரை யார் என்று சொல்லாதவர்கள், என் பையனைப் பரீட்சைக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தவர்கள். ஒவ்வொருவர் பேரையும் போட வேண்டும் என்றுதான் ஆசை. போட்டால் கோபித்துக்கொள்வீர்கள் என்றும் தெரியும். எல்லோரையும் சேர்த்துக் கும்பிடுகிறேன்.

"பழகின குரல், பழகின பாட்டு ஏதாவது காதில் விழட்டும்மா" என்று டாக்டர் சொன்ன அன்று ராத்திரி, இவருடைய போனில் இருந்த நண்பர் ஒருவருக்கு அந்த ஒரு வரியைத்தான் அனுப்பினேன். விடிந்து பார்த்தால் இருநூறுக்கு மேல் வந்து குவிந்திருந்தது. பாட்டுகள் மட்டும் இல்லை, நீங்கள் உங்கள் குரலில் சொன்ன கதைகள். 2007 மார்ச்சில் அயர்ன் மெய்டன் குழுவைப் பார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து பெங்களூரு வரைக்கும் ரயிலில் நின்றுகொண்டே வந்த தம்பி. 2005-ல் மார்க் நாஃப்ளர், தந்தியை மீட்டும் பிக் துண்டு இல்லாமல் வெறும் விரலாலேயே கிடார் வாசித்ததைச் சொல்லும்போது குரல் கம்மிப்போன பெரியவர். "பாட்டு வேண்டாம் அக்கா, மெட்டாலிகா குழுவின் சத்தம் ஆஸ்பத்திரிக்கு ஒத்துவராது, நான் கதையை மட்டும் சொல்றேன்" என்று 2011 ஷோவைப் பாதி மணி நேரம் மெதுவான குரலில் சொன்ன பிள்ளை.

2003 ஏப்ரலில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் வாசித்த அன்று கொட்டிய மழை எனக்கும் ஞாபகம் இருக்கிறது. இவர் விடியற்காலையில் வந்தார். ஷூ முழுக்கச் சேறு. நான் அன்று பூரா பேசவில்லை. அந்த மழையில் பக்கத்தில் நின்ற முகம் தெரியாத ஒரு கிழவருக்குத் தன் மழைக்கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இவர் நனைந்தார் என்பதை உங்களில் ஒருவர் சொல்லித்தான் இத்தனை வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் குரல் பதிவை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

சரி, இப்போது தங்கவயல் அண்ணாவைப் பற்றி எழுத வேண்டும். பெயரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் எழுதக்கூடாது என்று சொல்லவில்லை.

பதினோராவது நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசல் செக்யூரிட்டி ஒரு பழுப்புக் கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டதால் ஒரு பெரியவர் கொடுத்துவிட்டுப் போய்விட்டார் என்றார். தங்கவயல் மாரிக்குப்பத்திலிருந்து ரயிலேறி வந்து, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், அடுத்த வண்டிக்குத் திரும்பியிருக்கிறார்.

உள்ளே கோடு போட்ட நீளத் தாள் ஐந்து. ஒரே ஒரு பாட்டு. பிங்க் ஃப்ளாயிட் குழு 1975-ல் போட்ட 'விஷ் யூ வேர் ஹியர்'. அதன் வார்த்தைகள் முழுக்கத் தமிழ் எழுத்தில். நீல மையில் பெரிய பெரிய எழுத்து. ஒவ்வொரு வார்த்தையையும் பாடுகிறபடி துண்டு துண்டாக உடைத்து நடுவில் சின்னக் கோடு கிழித்திருந்தார். மூச்சு எடுக்கும் இடத்தில் ஒரு புள்ளி. கிடார் மட்டும் வரும் இடமெல்லாம் சிவப்பு மை. கீழே ஒவ்வொரு வரிக்கும் என்ன அர்த்தம் என்று தமிழில். தலைப்புக்கு நேராக, "நீ இங்கே என் பக்கத்தில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்" என்று எழுதியிருந்தார். அதற்கு மேல் வாசிக்க முடியாமல் அன்று மடித்து வைத்துவிட்டேன்.

நான் கிருஷ்ணகிரிப் பக்கம் கிராமத்தில் தமிழ் மீடியத்தில் படித்தவள். உங்களில் ஒரு அக்காவிடம் போனில் அழுதபடி, "அவர் கேட்கிற பாட்டில் ஒரு வார்த்தைகூட எனக்கு வாயில் நுழையாது, நான் என்னத்தைப் பாடி அவரை எழுப்புவேன்" என்று சொல்லியிருந்தேன். யாரிடமிருந்து யாருக்குப் போனதோ, அது தங்கவயல் வரைக்கும் போயிருக்கிறது. மற்றவர்கள் இவருக்குப் பாட்டு அனுப்பினீர்கள். அந்த அண்ணா எனக்கு அனுப்பினார்.

மறுநாள் நர்ஸம்மா பத்து நிமிஷம் அனுமதி கொடுத்தார். இவர் கண் திறந்திருந்தது, பார்வை எதிலும் நிற்கவில்லை. தலைமாட்டில் போனை வைத்துச் சத்தத்தைக் குறைத்துப் பாட்டைப் போட்டேன். தாளில் விரல் வைத்துப் பின்னாலேயே போனேன். முதலில் ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றுகிற மாதிரி கரகரப்பு. அப்புறம் அந்தக் கரகரப்புக்குள்ளிருந்தே மெலிசாக ஒரு கிடார். தாளில் சிவப்பு மையில் இப்படி எழுதியிருந்தது: "இங்கே ஒரு இருமல் கேட்கும். பயப்படாதேம்மா, வார்டில் யாரும் இருமவில்லை, ரெக்கார்டிலேயே இருக்கிறது. வீட்டில் ஒருத்தர் ரேடியோ கேட்டபடி உட்கார்ந்திருக்கிறார், இருமுகிறார், பிறகு தன் கிடாரை எடுத்து ரேடியோவோடு சேர்ந்து வாசிக்கிறார். அப்படி நினைத்துக்கொண்டு கேள்."

இருமல் கேட்டது. அடுத்த நொடி இவர் இருமினார்.

சளி கட்டிவிட்டதோ என்று பதறி நர்ஸைக் கூப்பிட எழுந்தேன். கையில் இருந்த தாளில் அதற்கும் கீழே இன்னொரு வரி: "உன் வீட்டுக்காரர் உண்மையான ரசிகர் என்றால் இந்த இடத்தில் அவரும் இருமுவார். நாங்கள் எல்லோரும் அப்படித்தான்."

திரும்பப் போட்டேன். அதே இடத்தில் இருமினார். மூன்றாவது தடவை நர்ஸம்மாவும் கூட நின்று பார்த்தார். அதே இடம், கொஞ்சம்கூட முன்னே பின்னே இல்லை. மறுநாள் டாக்டர் தானே கேட்டுப் பார்த்துவிட்டு, "கேட்கிறார், ஞாபகம் இருக்கிறது, அந்த இடம் வரட்டும் என்று காத்திருக்கிறார். மூன்றுமே நல்லதும்மா" என்றார். அந்த நாளில்தான் நான் முதல்தடவையாகச் சாப்பிட்டேன் என்று என் அம்மா சொல்கிறார்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இவருடைய அறையிலிருந்து இருமல் கேட்கும். கேசட் தூசிதான் காரணம் என்று நினைத்து மிளகு தட்டிப்போட்ட வெந்நீர் கொண்டுபோய் வைப்பேன். ஒன்றும் சொல்லாமல் வாங்கிக் குடித்துவிட்டுச் சிரிப்பார். 24 வருஷம் அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்கிறேன். அது எதற்காக என்று அண்ணாவின் தாள் வந்து சொல்ல வேண்டியிருந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அந்த அறைக்குள் போய் ஒரு பாட்டு முழுக்க உட்கார்ந்து கேட்டதில்லையே என்பது இந்த 38 நாளில் என்னை அறுத்த பல விஷயங்களில் ஒன்று.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் அந்தத் தாளைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். இதை எழுதியவர் தங்கள் துறைக்காரரா என்று கேட்டார். மூளையின் இடது பக்கம் அடிபட்டுப் பேச்சுப் போனவர்களில் பலருக்குப் பாட்டு மட்டும் மிஞ்சியிருக்குமாம். அதை வைத்துப் பேச்சைத் திரும்பக் கொண்டுவரும் ஒரு முறையை 1973-லேயே அமெரிக்காவில் எழுதி வைத்திருக்கிறார்கள். மெலடிக் இன்டொனேஷன் தெரபி என்று பெயர். சின்னச் சின்ன வாக்கியத்தை ஏற்ற இறக்கத்தோடு இழுத்துப் பாடச் சொல்லி, ஒவ்வொரு அசைக்கும் இடது கையால் தட்ட வைப்பார்கள். அண்ணா உடைத்துக் கோடு போட்டிருந்தது ஏறக்குறைய அதே மாதிரி இருந்திருக்கிறது. ஆனால் அந்தப் பெண் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். பாட்டு வரிகள் வந்துவிட்டால் பேச்சு வந்துவிட்டதாக ஆகாது, மனப்பாடம் வேறு பேச்சு வேறு, இது வழியைத் திறக்கும், நடக்க நாள் பிடிக்கும் என்றார். அப்படி நேராகச் சொன்னதற்கு அவருக்கும் நன்றி.

தினமும் சாயங்காலம் நான் தாளைப் பார்த்துப் பாடுவேன். அவருடைய இடது கையைப் பிடித்துக் கோட்டுக்குக் கோடு கட்டில் கம்பியில் தட்டுவேன். என் உச்சரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்துக் கட்டில் பாட்டியம்மா நான்காம் நாளே கூடத் தட்ட ஆரம்பித்துவிட்டார். பத்தொன்பதாம் நாள் இவர் வாயிலிருந்து 'யூ' என்று ஒரு சத்தம் வந்தது, சுருதியோடு. அது வர வேண்டிய இடத்திலேயே வந்தது. முப்பத்தோராம் நாள், பாட்டெல்லாம் முடிந்த பிறகு, "தண்ணி" என்றார். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த அதே மெட்டில், முதல் எழுத்தை மேலே தூக்கி, அடுத்ததைக் கீழே இறக்கி. தண்ணீரை ஊற்ற முடியாமல் என் கை நடுங்கியது.

அண்ணாவுக்கு அப்புறம்தான் போன் செய்தேன். சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான சுரங்கம் அது. 2001 பிப்ரவரியில் மூடும் வரைக்கும் இருந்திருக்கிறார். கிறிஸ்துமஸ் சமயத்தில் கிளப்பில் கிடார் வாசித்துப் பழகியவர். உள்ளே இருட்டில் வேலை செய்யும்போது இந்த மாதிரிப் பாட்டுகளைச் சீட்டியடித்துக்கொண்டே இருப்பாராம். 2002-ல், பிங்க் ஃப்ளாயிட் குழுவில் இருந்த ராஜர் வாட்டர்ஸ் பெங்களூருக்கு வந்து இந்தப் பாட்டைப் பாடியபோது அவரும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருக்கிறார். இவரும்தான். ஒருவரையொருவர் தெரியாது.

ஏன் இந்தப் பாட்டு அண்ணா என்று கேட்டேன். அந்தக் குழுவை ஆரம்பித்தவர்களில் ஒருவரான சிட் பாரெட் மனநிலை கெட்டு 1968-ல் வெளியேறினார். அவரை நினைத்து மற்றவர்கள் இந்த ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். 1975 ஜூன் 5-ம் தேதி அவர் யாரும் கூப்பிடாமலே லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவுக்குள் வந்து நின்றார். தலையும் புருவமும் மழித்து, உடம்பு பெருத்துப் போயிருந்ததால் கூட வாசித்தவர்களுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. இதைச் சொல்லிவிட்டு அண்ணா, "எதிர்ல உட்கார்ந்திருக்கிறவனையே காணோம்னு தேடுற பாட்டும்மா இது. உனக்கு அந்த நேரத்துல வேற எந்தப் பாட்டைக் கொடுப்பேன்" என்றார்.

அந்தத் தாள்களை நகல் எடுத்துப் பேச்சுப் பயிற்சிப் பெண்ணிடம் ஒரு கட்டு கொடுத்திருக்கிறேன். இனி அந்த வார்டில் எந்த வீட்டு அம்மாவாவது வாயில் நுழையாத பாட்டோடு நின்றால், எந்த மொழிப் பாட்டாக இருந்தாலும், தமிழ் எழுத்தில் எழுதிக்கொடுக்க நான் இருக்கிறேன். என் நம்பரும் அவரிடம் இருக்கிறது. எனக்குத் தெரியாத வார்த்தைக்கு உங்களைத்தான் கேட்பேன், ராத்திரி எந்நேரம் என்று பார்க்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இனி சமையல் பத்து மணிக்கு மேல்தான். அதுவரை நானும் இவரோடு உட்கார்ந்து கேட்கப்போகிறேன்.

அண்ணா, பயிற்சி இல்லாத நாள் செவ்வாய்க்கிழமை. மாலூர் வழியாக வந்தால் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பையன் வந்து நிற்பான். இந்தத் தடவை வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகக்கூடாது. மதியம் இங்கேதான் சாப்பாடு. நீங்கள் வரப்போவதை இவரிடம் சொன்னேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டு தடவை இருமிக் காட்டினார். கிடாரை எடுத்துக்கொண்டு வாருங்கள்.