நாலாம் நாள் எண்ணும் ஆறாம் வார எண்ணும்

அன்புத் தோழிக்கு,

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு நீ புலனத்தில் அனுப்பிய, உன் வீட்டுக்காரர் அண்ணனின் ரத்த ரிப்போர்ட் நாலு படமும் கிடைத்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் ‘இதில் எந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டும்’ என்று நீ கேட்டிருப்பது இரண்டு வரியில் அடங்காது, அதோடு எதையும் இரண்டு மூன்று தடவை படித்தால்தான் உனக்கு மனசு ஆறும் என்று பள்ளிக்கூட நாளிலிருந்தே தெரியும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே பினாங்கில் மூன்று நாளாக விடாத மழை. தண்ணீர்மலைப் பக்கம் காலையில் நடக்கப் போவதும் நின்றுவிட்டது.

குடல் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்த ஏழாவது வாரத்தில் அண்ணன் தானாகப் படியிறங்கிப் போய் பேப்பர் வாங்கி வருகிறார் என்று எழுதியிருந்தாயே, எனக்கு அந்த நாலு படத்தையும் விட அதுதான் பெரிய செய்தி. அதை நினைத்துக்கொண்டே மற்றதைப் படி.

முதல் படத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறாய், சி.ஆர்.பி. 148, நாலாம் நாள். 5க்குள் இருக்க வேண்டியது 148 ஆனால் யாருக்கும் பகீரென்றுதான் இருக்கும், ஆனால் அது புற்றுநோயைச் சொல்லும் எண்ணே இல்லை. உடம்பில் எங்கே புண், வீக்கம், கிருமி என்றாலும் கல்லீரல் சி.ஆர்.பி.யைச் சுரக்கும். வயிற்றைத் திறந்து குடலை வெட்டி ஒட்டினால் சுரக்காமல் இருக்குமா? இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சிக்குப் போய் அப்புறம் வேகமாக இறங்கும். வெட்டி ஒட்டிய இடத்தில் கசிவு இருக்கிறதா என்று மோப்பம் பிடிக்கத்தான் டாக்டர்கள் மூன்று, நாலு, ஐந்தாம் நாளில் அதைப் பார்க்கிறார்கள். பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2014இல் ஒரு கணக்கு வந்தது: மூன்றாம் நாள் 172, நாலாம் நாள் 124, ஐந்தாம் நாள் 144, இதற்குக் கீழே இருந்தால் கசிவு இல்லை என்று ஏறக்குறைய 97 சதவீதம் நம்பலாம். அதற்கு மேலே இருந்தால் கசிவுதான் என்று அர்த்தம் இல்லை, கூர்ந்து கவனிக்க வேண்டும் என்றுதான் அர்த்தம். அண்ணனுக்கு மூன்றாம் நாள் 201, நாலாம் நாள் 148, ஐந்தாம் நாள் 80. இறங்கியிருக்கிறது பார். காய்ச்சல் இல்லை, காற்றுப் பிரிந்தது, கஞ்சி குடித்தார். ஒரு நாள் கூடுதலாக வைத்துப் பார்த்து அனுப்பிய டாக்டர் சரியாகத்தான் செய்திருக்கிறார். அந்தப் பக்கத்தை மூடிவிடு, அதன் வேலை முடிந்துவிட்டது.

நீ நிஜமாகப் பார்க்க வேண்டியது மூன்றாவது படத்தில் இருக்கும் சி.இ.ஏ., குடல் புற்றுக் கட்டி ரத்தத்தில் விடும் ஒரு புரதம், 5க்குள் இருக்க வேண்டியது.

இதைச் சொல்வதற்கு முன்னால் என் தம்பி கதையைச் சொல்ல வேண்டும், உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. அவனுக்கும் இதே நோய்தான், ஆபரேஷனுக்கு முன்னால் சி.இ.ஏ. 38. ஆபரேஷன் நல்லபடி முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டான், ஆபரேஷன் ஆன பத்தாம் நாள், தையல் பார்க்கப் போன ஒரு கிளினிக்கில், சரி எதற்கும் பார்த்துவிடலாம் என்று ரத்தம் எடுத்து, மறுநாள் ‘9 இருக்கிறது, இன்னும் அதிகம்தான்’ என்று போனில் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். அவன் பெண்டாட்டி பட்டர்வொர்த்திலிருந்து அழுதுகொண்டே கூப்பிட்டாள், நான் அடுத்த ஃபெர்ரியைப் பிடித்துப் போனேன். வீட்டுக்குள் நுழைந்தால் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான், தலைமாட்டில் அந்தத் துண்டுச் சீட்டு. கட்டியை எடுத்துவிட்டாலும் ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கிற சி.இ.ஏ. உடனே மறைந்துவிடாது, பாதியாகக் குறையவே மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை ஆகும். 38 ஐந்து நாளில் 19, பத்து நாளில் ஒன்பது சொச்சம். அவனுக்கு வந்திருந்தது நல்ல சேதி, அதைக் கெட்ட சேதியாகச் சொல்லிவிட்டார்கள். காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினேன், நம்பாமல்தான் பார்த்தான். ஆறாம் வாரம் எடுத்தபோது 2.6. நடுவில் அந்த ஒரு மாதம் அவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் இன்னமும் எனக்குக் கோபம் வருகிறது. முப்பது வருஷம் லேபில் ரத்தம் பார்த்தவள் சொல்கிறேன், எந்த நாளில், எதற்காக எடுத்தது என்று தெரியாத எண்ணை வைத்துக்கொண்டு யாரும் எதையும் சொல்லக் கூடாது.

அண்ணனுக்கு முன்னால் 11.4, ஆறாம் வாரத்தில் 2.3. நியூயார்க்கில் குடல் புற்றுக்கு ஆபரேஷன் ஆன 1,027 பேரை வைத்துப் பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். முதலிலேயே சி.இ.ஏ. சாதாரணமாக இருந்தவர்களில் 89.7 சதவீதம் பேர் மூன்று வருஷம் நோய் திரும்பாமல் இருந்தார்கள். முதலில் கூடியிருந்து ஆபரேஷனுக்குப் பிறகு இறங்கியவர்களில் 87.9. இறங்காமலே நின்றவர்களில்தான் 74.5. அண்ணன் இந்த நடுக்கூட்டத்தில் இருக்கிறார், முதல் கூட்டத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ‘முன்னால் 11 இருந்ததே’ என்று நீ மறுகுவதை இனிமேல் விட்டுவிடு.

ஆனால் 2.3 என்றால் இனி ஒன்றுமே வராது என்றும் நான் சொல்லமாட்டேன், உன்னிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை. வரம்பை 5 என்று வைத்துப் பார்த்தால், நோய் திரும்பிய 100 பேரில் 71 பேரைத்தான் சி.இ.ஏ. காட்டிக்கொடுக்கும், மீதிப்பேரைத் தவறவிடும். நோய் திரும்பாதவர்களிலும் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு வீணாக ஏறிக் காட்டும். அதனால்தான் சி.டி. ஸ்கேனும் சேர்த்துச் செய்கிறார்கள். முதல் இரண்டு வருஷம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, அப்புறம் ஐந்து வருஷம் வரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, இதை மட்டும் தவறவிடாதே. முடிந்தவரை ஒரே லேபில் எடு. மெஷினுக்கு மெஷின் எண் மாறும், ஓரிடத்தில் 3.1 வந்து இன்னோரிடத்தில் 4.4 வந்தால் ஏறிவிட்டது என்று நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வாய். அண்ணன் சிகரெட்டை விட்டுவிட்டாரா? புகைப்பவர்களுக்கு நோய் இல்லாமலே சி.இ.ஏ. கொஞ்சம் கூடித்தான் இருக்கும்.

வெள்ளையணுக்களில் இரண்டு வகையான நியூட்ரோபிலை லிம்போசைட்டால் வகுத்து நீயே 6.2 என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறாய், உன் பொறுமையை மெச்ச வேண்டும். அந்த விகிதம் கூடினால் நல்லதல்ல என்று ஆய்வுகளில் இருப்பது உண்மைதான், ஆனால் அதெல்லாம் பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ரத்தத்தை வைத்துச் சொன்னது. நீ வகுத்தது ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் ரிப்போர்ட்டை. அன்றைக்கு யாருக்குமே நியூட்ரோபில் ஏறித்தான் இருக்கும். ரத்தத்தில் இருக்கும் அல்புமின் என்ற புரதம் குறைந்து 29 என்றதும் விரால் மீன் சூப்பாக வைத்துக் கொடுக்கிறாய், கொடு, உடம்புக்கு நல்லதுதான், ஆனால் நீ சரியாகச் சோறு போடாததால் குறைந்தது என்று எண்ணாதே. உடம்பில் அழற்சி இருந்தாலே அல்புமின் இறங்கும். நடக்க நடக்க, பசி எடுக்க எடுக்க ஏறிவிடும்.

மகன் சிங்கப்பூரிலிருந்து ஒரு புது டி.என்.ஏ. டெஸ்ட் பற்றிச் சொன்னான் என்றாய். அதை நான் ஆசையோடு படித்துக்கொண்டிருக்கிறேன், நான் வேலையில் இருந்தபோது இப்படி ஒன்று வருமென்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். புற்றணுக்கள் சாகும்போது அவற்றின் டி.என்.ஏ. துண்டு துண்டாக ரத்தத்தில் கலக்கிறது. வெட்டியெடுத்த கட்டியில் என்ன மாற்றம் இருந்ததோ அதே மாற்றம் ரத்தத்தில் மிதக்கிறதா என்று தேடுகிறார்கள். சாதாரண ஊதா மூடிக் குழாயில் எடுத்து வைத்தால் நேரம் ஆக ஆக வெள்ளையணுக்கள் உடைந்து அவற்றின் டி.என்.ஏ.யும் கொட்டி எல்லாவற்றையும் கெடுத்துவிடும், அதனால் அணு உடையாமல் காக்கும் தனிக் குழாய் இருக்கிறது. இந்தத் துண்டுகள் ரத்தத்தில் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே பாதியாகக் குறைந்துவிடும், ஆகவே ஆபரேஷன் முடிந்து நாலு வாரம் கழித்தும் இருந்தால் எங்கேயோ அணுக்கள் மிச்சம் இருக்கின்றன என்று பொருள். ஆஸ்திரேலியாவில் இரண்டாம் கட்டக் குடல் புற்று நோயாளிகள் 455 பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு வழக்கமான முறை, இன்னொன்றுக்கு நாலாம் வாரமும் ஏழாம் வாரமும் இதைப் பார்த்து, அந்த டி.என்.ஏ. ரத்தத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் கீமோ கொடுத்தார்கள். 2022இல் முடிவு வந்தது. வழக்கமான முறையில் 28 சதவீதம் பேருக்குக் கீமோ, இதில் 15. இரண்டு வருஷம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 92.4க்கு 93.5, ஒன்றும் குறையவில்லை. வழக்கப்படி கீமோ வாங்கியிருக்கக் கூடியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தப்பித்திருக்கிறார்கள், யோசித்துப் பார்!

அண்ணனுக்கும் இரண்டாம் கட்டம்தான், ஏழாம் வாரம் இப்போதுதான் நடக்கிறது, கீமோ தேவையா இல்லையா என்று டாக்டரும் இரண்டு மனதாக இருப்பதாகச் சொல்கிறாய். அப்படியானால் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் முதலில் டாக்டரிடம் ஒரு கேள்வி கேள்: ‘பாசிட்டிவ் வந்தால் என்ன செய்வீர்கள், நெகட்டிவ் வந்தால் என்ன செய்வீர்கள்?’ இரண்டுக்கும் ஒரே பதில் சொன்னால் அந்தப் பணத்தைச் செலவு செய்யாதே.

இன்னொன்று, இதை நீ தள்ளிப்போடுவாய் என்று தெரியும். உன் பிள்ளைகள் மூன்று பேரும் எந்த வயதில் கொலனோஸ்கோப்பி, அதாவது குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் சோதனை, செய்துகொள்ள வேண்டும் என்று அதே டாக்டரிடம் கேட்டுவிடு. அப்பாவுக்கு வந்திருக்கிறது, ஐம்பது வயதாகட்டும் என்று காத்திருக்க முடியாது. சி.இ.ஏ. பார்த்தால் போதாதா என்று மகன் கேட்பான். போதாது, ஆரம்பக் கட்டத்தில் பலருக்கு அது ஏறுவதே இல்லை.

அடுத்த ரத்தம் என்றைக்கு என்று தேதி சொல், அதற்கு முந்தின நாள் பட்டர்வொர்த்திலிருந்து ரயில் ஏறி வந்துவிடுகிறேன். கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு யாரையும் அனுப்ப வேண்டாம், நானே வந்துகொள்வேன். பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வை, ஒரு நோட்டில் தேதி, லேப், எண் என்று கோடு போட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன். தம்பிக்கும் அப்படித்தான் எழுதினேன், நாலாவது வருஷம் நடக்கிறது, போன மாதம் 2.4.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி