நாலாவது டவுன், ஒரு அடி

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெரியவளுக்கு ஆஸ்டினில் வேலை கிடைத்திருக்கிறது. குட்டி அந்த சைக்கிள் விவகாரத்தை இன்னும் விடவில்லை, உன்னைப் பார்த்தால் கேட்கத்தான் போகிறான். மற்றதெல்லாம் பிறகு.

குரூப்பில் நீ எழுதியதற்கு நாலு வரியில் பதில் சொல்ல முடியாது, அதனால்தான் இந்தக் கடிதம். 1995-ல் அமெரிக்கக் கால்பந்தில் டல்லஸ் கௌபாய்ஸ் உங்கள் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸிடம் தோற்றது அவர்கள் கோச் பாரி ஸ்விட்சர் என்ற ஒரு முட்டாளால்தான் என்று எழுதியிருந்தாய். ஈகிள்ஸ்காரன் டல்லஸைத் திட்டாமல் யாரைத் திட்டுவான்! ஆனால் அந்த மனுஷனை முட்டாள் என்று மட்டும் சொல்லாதே.

அன்றைக்கு இருந்த நிலைமையைப் பார். டிசம்பர் 10, உங்கள் ஃபிலடெல்ஃபியா வெட்டரன்ஸ் ஸ்டேடியம். ஸ்கோர் 17-17. முடிய ஏறக்குறைய இரண்டு நிமிஷம். பந்து டல்லஸின் சொந்தப் பக்கத்து 29 யார்டு கோட்டில் இருக்கிறது. நாலாவது டவுன், அதாவது பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நாலு முயற்சியில் கடைசி. வேண்டியது ஒரு அடி; அது கிடைக்காவிட்டால் பந்து அங்கேயே உங்கள் கைக்குப் போய்விடும். காற்று டல்லஸின் முகத்தில் அடிக்கிறது. அந்தக் காற்றில் பன்ட் அடித்தால், அதாவது பந்தை எதிராளிக்கே தூரமாக உதைத்துக் கொடுத்தால், அது எவ்வளவு தூரம் போகும்? அதே காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வரும் உங்களுக்கு, பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் ஒரு ஃபீல்டு கோல் போதும். ஸ்விட்சர் கையிலோ அந்த வருஷம் 1,773 யார்டு ஓடி 25 டச்டவுன் போட்ட எம்மிட் ஸ்மித் இருக்கிறான். அவனுக்கு வழி திறந்துவிட முன்னால் நேட் நியூட்டனும் லாரி ஆலனும் நிற்கிறார்கள். ஒரு அடிடா! அதற்குக்கூட இவர்களை நம்பாத கோச் இருந்திருந்தால் அவரைத்தான் நான் திட்டியிருப்பேன்.

பெர்க்லி பொருளாதாரப் பேராசிரியர் டேவிட் ரோமர் பிற்பாடு கணக்குப் போட்டுச் சொன்னதும் இதைத்தான். நாலாவது டவுனில் கோச்சுகள் அளவுக்கு மீறி பன்ட் அடிக்கிறார்கள் என்றார். ஸ்விட்சருக்கு அந்தக் கணக்கெல்லாம் அப்போது கிடையாது. இருந்தும் துணிந்தார்.

குறை சொல்ல வேண்டிய இடம் வேறு. முதல் தடவை ஸ்மித்தை மடக்கிவிட்டார்கள். ஆனால் ஸ்னாப்புக்கு, அதாவது பந்து ஆட்டத்துக்கு வருவதற்கு, முன்பே இரண்டு நிமிஷ எச்சரிக்கை வந்து ஆட்டம் நின்றுவிட்டது என்று நடுவர்கள் அதைச் செல்லாது என்றார்கள். உங்கள் ஊர்க்காரர்கள் கத்திய கத்தல் டேப்பில் இன்றைக்கும் கேட்கிறது. யோசிக்க இன்னொரு வாய்ப்பு தானாக வந்து விழுந்தது. என்ன செய்தார்கள்? மறுபடி அதே 'லோட் லெஃப்ட்' ஆட்டத் திட்டம், அதே ஸ்மித், அதே இடப்பக்கம். மறுபடியும் மடக்கினார்கள். உங்கள் கேரி ஆண்டர்சன் 42 யார்டிலிருந்து ஃபீல்டு கோல் உதைத்தார், 20-17 என்று நீங்கள் ஜெயித்தீர்கள்.

இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. ஸ்மித் பல யார்டு பின்னால் நிற்கிறான். பந்தை வாங்கி அவன் கோட்டுக்கு வந்து சேருவதற்குள் எதிராளி கூட்டம் கூடிவிடும், அதுவும் ஒரு நிமிஷம் முன்னால்தான் அதே ஆட்டத்தைப் பார்த்த கூட்டம். பந்தை எடுத்துக் கொடுக்கும் சென்டருக்குப் பின்னாலேயே குவார்ட்டர்பேக் டிராய் எய்க்மேன் நிற்கிறான், ஆறடி நாலு அங்குலம். பந்தை வாங்கியதும் அப்படியே முன்னால் சாய்ந்திருந்தால் போதுமே! இன்றைக்கு உன் ஈகிள்ஸே அவர்கள் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸைப் பின்னாலிருந்து தள்ளித்தானே அந்த ஒரு அடியை எடுக்கிறார்கள்?

ஆக, துணிந்தது சரி, போன வழிதான் தப்பு. இரண்டையும் போட்டுக் குழப்பாதே. ஏழு வாரம் கழித்து அதே ஸ்விட்சர் பிட்ஸ்பர்க்கை 27-17 என்று ஜெயித்து சூப்பர் பௌல் கோப்பையை வாங்கினார். நடுவே பிளேஆஃபில் டல்லஸிடம் உங்களுக்கு விழுந்த 30-11 அடி உனக்கு மறந்திருக்காது. அந்தக் கோப்பையை நான் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. கோப்பை வராமல் போயிருந்தாலும் பன்ட் அடிக்காதது சரிதான் என்பேன்.

நீ கடைசியாக ஒரு வரி போட்டிருந்தாய், 'தோற்றால் முடிவு தப்பு, அவ்வளவுதான் கணக்கு' என்று. அதை ரவியும் படித்தான்.

அப்பாவுக்கு ஆபரேஷன் செய்யலாம் என்று சொன்னது அவன்தான். காரியத்துக்கு வந்தவர்கள் அவன் காதுபடவே பேசினார்கள், இந்த வயசில் கத்தி வைத்திருக்கக் கூடாது என்று. செய்யாமல் விட்டால் எத்தனை நாள் தாங்கும் என்று டாக்டர் சொன்னபோது அங்கே இருந்தவன் அவன் ஒருவன்தான். ராத்திரி எனக்குப் போன் போட்டு, "சேகர் சொல்றது சரிதானேடா?" என்று கேட்கிறான். நான் என்ன சொல்லியும் அவன் மனசு கேட்கவில்லை.

நீ அவனை மனசில் வைத்து எழுதவில்லை, எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். ஆனாலும் நீயே கூப்பிட்டுப் பேசு. மன்னிப்பு, ஆறுதல் எதுவும் வேண்டாம். எய்க்மேனே போயிருக்கலாமா, ஸ்மித்திடம் கொடுத்தது சரியா என்று அவனையே கேள். டல்லஸ்காரன், விட்டால் ஒரு மணி நேரம் உன்னோடு சண்டை போடுவான். போடட்டும். ஞாயிறு காலையில் கோயிலுக்குப் போய்விடுகிறான், மத்தியானத்துக்கு மேல் கூப்பிடு.

கமலாவுக்கு என் அன்பு.

உன்,
மூர்த்தி