டைமரும் டிரம் லெவலும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. ஆலையில் கரும்பு அரவை சீசன், உட்கார்ந்து எழுத நேரமே இல்லை. மூட்டுவலி தேவலையா? சின்னவளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் சந்தோஷம்.

மாடித் தொட்டி மோட்டாருக்கு இருபது நிமிட டைமர் மாட்டியதாகப் பெருமையாக எழுதியிருக்கிறாய். காலமெல்லாம் இன்ஸ்ட்ருமென்ட் பார்த்தவன் வீட்டில் இப்படியா? டைமருக்குக் கடிகாரம் தெரியும், தொட்டி தெரியாது. வோல்டேஜ் குறைந்த நாளில் பாதிதான் நிறையும். நீங்கள் ஊருக்குப் போன நாளில் வழிந்து பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். விளைவைத் திரும்பிப் பார்க்காத அசல் ஓபன் லூப். முதலில் தண்ணீர் மட்டம் பார்த்து மோட்டாரை நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்ச் ஒன்று வாங்கி மாட்டு.

சரி, இங்கே நடந்ததைச் சொல்கிறேன், உனக்குப் பிடிக்கும். நாம் டிரெய்னியாக இருந்தபோது ஒரு நைட் ஷிஃப்டில் பழைய பாய்லரில் நீ ஏமாந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? டர்பைன் சட்டென்று நீராவியை இழுத்தது. தண்ணீரும் நீராவியும் பிரியும் டிரம்மில் பிரஷர் இறங்கி, தண்ணீருக்குள் இருந்த குமிழிகள் உப்பி, கேஜ் கிளாஸில் மட்டம் ஏறியது. தண்ணீர் கூடிவிட்டதென்று நீ டிரம்முக்குத் தண்ணீர் விடும் ஃபீட் வால்வை மூடினாய். குமிழி அடங்கியதும் கிளாஸில் தண்ணீரையே காணோம்! லெவலை மட்டும் பார்த்து வேலை செய்யும் ஃபீட்பேக்கும் அன்றைக்கு உன்னைப் போலத்தான் மூடியிருக்கும். "மட்டத்தை அப்புறம் பார், வெளியே எவ்வளவு போகிறது, அதைப் பார்" என்று ஃபோர்மேன் கத்தினாரே, அதுதான் ஃபீட்ஃபார்வர்டு. அந்த வார்த்தை அவருக்குத் தெரியாது.

இப்போதைய பாய்லரில் த்ரீ எலிமென்ட் கண்ட்ரோல்; நீராவி ஓட்டம், தண்ணீர் ஓட்டம், டிரம் லெவல் மூன்றையும் பார்க்கும். போகிற நீராவிக்குச் சமமாகத் தண்ணீர் உள்ளே போகும். ப்ளோடவுனில், அதாவது உப்பு சேர்ந்த தண்ணீரை வடித்துவிடும்போது, போகிற தண்ணீரையும் மீட்டர் பிழையையும் லெவல் கண்ட்ரோலர் சரிக்கட்டும். அதன் அவுட்புட் 50 சதவீதம் என்றால் தண்ணீரைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை; எல்லாம் ஒழுங்காக இருந்தால் அதை ஒட்டியே நிற்கும்.

போன மாதம் நீராவி ஓட்டத்தை அளந்து சொல்லும் ஸ்டீம் ஃப்ளோ டிரான்ஸ்மிட்டரை மாற்றினோம். அதிலிருந்து கரும்பு அடைத்து மில் நின்று நீராவித் தேவை குறையும்போதெல்லாம் டிரம்மில் ஹை லெவல் அலாரம். எல்லோரும் ஃபீட் வால்வைத்தான் சந்தேகப்பட்டார்கள். பொசிஷனரைக் கழற்றி, ஸ்பிண்டிலைத் துடைத்து, இரண்டு நாள் வீண். மூன்றாம் நாள் சும்மா டிரெண்டை, அதாவது பழைய ரீடிங்குகளின் வரைபடத்தை, ஓட்டிப் பார்த்தேன். ஃபுல் லோடில் லெவல் கண்ட்ரோலர் 50-இல் நிற்கிறது. பாதி லோடில் 30-க்கு இறங்கிப் போய் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது.

உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். குழாய்க்குள் இருக்கும் ஆரிஃபிஸ் என்ற துளைத் தகட்டின் இரு பக்கமும் வரும் பிரஷர் வித்தியாசம், அதாவது டிபி, ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஓட்டம் தெரிய ஒரே ஒரு முறை வர்க்கமூலம் எடுக்க வேண்டும். புது டிரான்ஸ்மிட்டரும் எடுத்தது, கண்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டரான டிசிஎஸ்ஸும் எடுத்தது. ஃபுல் லோடில் எத்தனை முறை எடுத்தாலும் 100 சதவீதம் 100 சதவீதம்தான். அதனால் யாருக்கும் தெரியவில்லை. பாதி லோடில் டிபி 25 சதவீதம் (0.25), அதன் மூலம் 50 சதவீதம் (0.5), அதற்கும் மூலம் எடுத்தால் 70.7 சதவீதம். நீராவி பாதியாகக் குறைந்தும் தண்ணீர் 30 பங்குதான் குறைந்தது. மிச்சம் 20-ஐ லெவல் கண்ட்ரோலர் மெதுவாக இழுத்து இறக்க வேண்டியிருந்தது. அது இறக்கி முடிப்பதற்குள் அலாரம் அடித்துவிடும்.

எனக்கு இதில் உறுத்தியது என்ன தெரியுமா? ஃபீட்ஃபார்வர்டு முன்கூட்டியே ஓடும், ஆனால் தான் செய்தது சரியா என்று திரும்பிப் பார்க்காது. ஃபீட்பேக் அந்தத் தப்பைச் சத்தமில்லாமல் சுமந்துகொண்டிருந்தது. லோடு மாறாத நாளில் லெவல் கோடு போட்டமாதிரி நேராக இருக்க, நாங்களும் நிம்மதியாக இருந்தோம். இனி லெவலை மட்டும் பார்த்துத் திருப்திப்படுவதில்லை, கண்ட்ரோலர் அவுட்புட்டையும் பார்க்கிறேன்.

டிரான்ஸ்மிட்டரை யார் செட் பண்ணியது என்று கேட்காதே. வேலை முடிந்த சீட்டில் இருப்பது என் கையெழுத்து.

டிசிஎஸ்ஸில் இருந்த வர்க்கமூலத்தை எடுத்துவிட்டோம். நேற்று மறுபடி மில் நின்றது. பிரஷர் ஏறிக் குமிழிகள் சுருங்கியதில் லெவல் லேசாக இறங்கி, தானே திரும்பி வந்துவிட்டது. ஆபரேட்டர் டீ கிளாஸைக் கூடக் கீழே வைக்கவில்லை.

சீசன் முடிந்ததும் இரண்டு நாள் அங்கே வருகிறேன். அதுவரை டைமரைக் கழற்றாமல் இருந்தால் நானே ஸ்க்ரூடிரைவரோடு மாடி ஏறுவேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மணி